ஆடும் ஸ்டியரிங்: அன்றும் இன்றும்

அமெரிக்காவில் கனரக பிக்கப் ஓட்டுபவர்கள் ‘டெத் வாபிள்’ என்றாலே பதறுவார்கள். மணிக்கு 90, 100 கி.மீ. வேகத்தில் போகும்போது பாலத்து இணைப்பில் முன்சக்கரம் தட்டும். அடுத்த நொடியே ஸ்டியரிங் இரு பக்கமும் வெட்டி வெட்டி ஆடும். வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது.

வியாதி பழையது. 1920களில் பலூன் டயரும் முன்சக்கர பிரேக்கும் வந்தபோதே கார்கள் இப்படி ஆடின. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இருப்பதால், ஒன்று மேட்டில் ஏறினால் இரண்டுமே சாயும். சுழலும் சக்கரம் சாய்ந்தால், சாய்ந்த பம்பரம் தலையைச் சுற்றுவதுபோல, பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. பாரம் இழுக்கும் பிக்கப்புகள் பலவும் அந்த முழு அச்சை விடவில்லை.

1993 வரை டாட்ஜ் 4x4 பிக்கப்பின் முன் அச்சைத் தாங்கியது கமான் பட்டை. பட்டைகளே அச்சைப் பக்கவாட்டிலும் பிடித்துக்கொண்டன. சவாரி இடுப்பை ஒடிக்கும். ஆனால் ஆட்டம் வந்தால் மெக்கானிக் தேடவேண்டிய இடங்கள் குறைவு: கிங் பின் அல்லது பால் ஜாயின்ட், வீல் பேரிங், டை ராடு.

1994 டாட்ஜ் ராமில் காயில் ஸ்பிரிங் வந்தது. சவாரி மெத்தென்றானது. காயிலுக்கு மேலும் கீழும் அசையத்தான் தெரியும். அச்சை இடம் வலம் நகராமல் பிடிக்க, சேஸிஸிலிருந்து அச்சுக்கு ‘டிராக் பார்’ என்ற ஒற்றைத் தண்டு போட்டார்கள். அதன் சேஸிஸ் முனையில் இருந்த பால் ஜாயின்ட் தேய்ந்தது, ஆட்டம் பிடித்தது. 2003 மாடலில் இரு முனைக்கும் ரப்பர் புஷ் வந்தது. பழைய ராம்காரர்கள் பலர் அந்த வடிவத்துக்கே மாற்றிக்கொண்டார்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டி 4x4 காயிலுக்கு மாறியது 2005இல். ஜெனரல் மோட்டார்ஸ் 4x4 பிக்கப்புகள் 1988லேயே முழு அச்சைக் கைவிடத் தொடங்கியதால் இந்தக் கச்சேரியில் அவர்களுக்கு அதிகம் இடமில்லை.

இன்று ஆட்டம் வந்ததும் பலரும் ஓடுவது, அதிர்வை அமுக்கும் ஸ்டியரிங் டாம்பரிடம். ஃபோர்டே 2017–2019 மாடல் எஃப்-250, எஃப்-350க்கு டாம்பர் மாற்றித் தந்தது, வழக்குகளும் நடந்தன. என் கணிப்பில் டாம்பர் வலிமாத்திரைதான். எங்கோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்க, புது டாம்பர் அதைச் சில மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவே.

சரியான சோதனைக்குச் செலவே இல்லை. வண்டி தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கைச் சற்றே இடமும் வலமும் அசைக்கவேண்டும். இன்னொருவர் கீழே படுத்து டிராக் பாரின் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். சந்தேகமிருந்தால் விரலை வைக்கலாம். போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தால் முனை நகர்வது கண்ணுக்கே தெரியும். பிறகு டை ராடு முனைகள், பால் ஜாயின்ட். டயர் பேலன்ஸும் காற்றும் சரியில்லாவிட்டால் அவையும் ஆட்டத்தைக் கிளப்பிவிடும். வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டியவர்கள் காஸ்டர் கோணத்தையும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) அளந்து பார்க்கவேண்டும்.

புஷ் மாற்றினால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிய புஷ் சீக்கிரம் கிழியும்.