வறண்ட கைக்கு வெள்ளைக் காளான்

சகோதரிகளே, மேலே படிக்கும் முன் உங்கள் கையை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். விரல் முட்டிகளில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கிறதா? கட்டை விரல் ஓரம் வெடித்து, புளி கரைக்கும்போது சுரீர் என்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

தானா ராத்தாவில் பனிக்கும் மழைக்கும் பஞ்சமில்லை. இத்தனை ஈரத்தில் கை ஏன் காய்கிறது என்று கேட்பீர்கள். அந்த ஈரமே ஒரு காரணம். விடியற்காலையில் பனி நனைந்த தேயிலைச் செடி. வீடு திரும்பினால் பாத்திரம், துணி, சவர்க்காரம். குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல். இப்படி நனைந்தும் காய்ந்தும் வரும்போது, தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. பசை போன தோல் ஓட்டைப் பானை மாதிரி. எவ்வளவு ஊற்றினாலும் தங்காது.

இதற்கு மருந்து என்றுதான் இப்போது ஒரு புதுச் சரக்கு கடைக்கு வந்திருக்கிறது. சிறிய கண்ணாடிப் புட்டி. மேலே காளான் படம். ‘ட்ரெமெல்லா’ என்று பெயர். விலையோ மலைக்க வைக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

நமக்குத் தெரிந்த காளான்தான்

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சீனர் மளிகைக் கடையில் பொட்டலமாகத் தொங்கும், காய்ந்த பூப்போன்ற வெள்ளைக் காளான்தான் அது. சீனர்கள் ‘யின் எர்’, அதாவது வெள்ளிக் காது என்பார்கள். கற்கண்டு போட்டு இனிப்புச் சூப்பாகக் காய்ச்சுவார்கள். காட்டில் மட்டுமே கிடைத்த காலத்தில் இது செல்வர் வீட்டுப் பண்டம். வேறொரு பூஞ்சையை அண்டித்தான் இது வளரும். அந்த இரண்டையும் சேர்த்து வளர்க்கக் கற்ற பிறகுதான் ஏழை வீட்டு அடுப்புக்கும் வந்தது.

ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் பல மடங்கு ஊதிவிடும். காய்ச்சினால் கொழகொழவென்று பசையாகும். அந்தப் பசையில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. புட்டியில் இருப்பதும் அதுவே.

1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து ‘ஹயலுரோனிக் அமிலம்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் நீரைப் பிடித்து வைப்பதே. பின்னாளில் சேவல் கொண்டையிலிருந்தும் அதை எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் நுண்ணுயிரை வளர்த்து எடுக்கிறார்கள். அதற்கு ஈடாகத் தாவரப் பூச்சு விரும்புவோருக்கென்று காளானை முன்னிறுத்துகிறார்கள்.

எது மெய், எது மிகை?

தோலின் மேல் மெல்லிய ஈரப் படலமாக இருந்து மென்மை தருவது மெய். தன் எடையைப் போல் 500 மடங்கு நீரைப் பிடிக்கும், தோலின் ஆழம் வரை ஊடுருவும் என்பவை விளம்பரப் பேச்சு. இதன் மூலக்கூறு மிகப் பெரியது. மேலே தங்குமே தவிர உள்ளே இறங்காது. சுருக்கத்தைப் போக்கும், நிறத்தை மாற்றும் என்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இது நீரைப் பிடிக்கும், பூட்டி வைக்காது. பூட்டுவதற்கு மேலே ஓர் எண்ணெய்ப் பூச்சு வேண்டும்.

சில வெள்ளியில் முடியும்

வெந்நீரை வெதுவெதுப்பாக்குங்கள். கையைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டுப் பரப்புங்கள். காளான் புட்டி செய்யும் அதே வேலையைக் கிளிசரின் குறைந்த காசில் செய்யும். அதன்மேல் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். இரவில் வாசலின் பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தால், வெடிப்பு ஆறத் தொடங்கும். பாத்திரம் கழுவக் கையுறை போடுங்கள்.

காளான் பூச்சுதான் வேண்டும் என்றால் வாங்குங்கள், தவறில்லை. முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். எந்த அழகுப் பொருளானாலும் நம் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவானதா என்று கேளுங்கள். பெயரில்லாத ‘வெள்ளையாக்கும்’ கிரீம்கள் பக்கம் போகவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தையும் வயிற்றுப் பிள்ளையையும் கெடுக்கும்.

சமையலில் ஓர் எச்சரிக்கை

காளானை ஊற வைத்துவிட்டு மறந்து தூங்கிவிடாதீர்கள். கெட்டுப்போன வெள்ளைக் காளானைத் தின்று சீனாவில் உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. அதில் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் போதும். அன்றே சமைத்து அன்றே சாப்பிடுங்கள். மிஞ்சிய கூழை வைத்திருந்து முகத்தில் பூசவும் வேண்டாம்.

வெடிப்பில் சீழ் வைத்தாலோ, அரிப்பும் சிவப்பும் அடங்காவிட்டாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். கொழுந்தும் சோறும் பிள்ளையும் இந்தக் கையை நம்பித்தானே இருக்கின்றன? இரவில் ஐந்து நிமிடம் அதற்கும் ஒதுக்குங்கள்.