குயிலைத் தேடினால் காகத்தைப் பாருங்கள்

மாணவர்களே, சிங்கப்பூரில் இளவேனில் என்று தனிப் பருவம் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் தஞ்சோங் பகார் டக்ஸ்டன் பிளேன் பூங்காவுக்குச் சென்றால் குயிலோசை கேட்கலாம். உரக்கக் கூவுவது கருநிற ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

குயில் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிடும். குயில் முட்டை 12 முதல் 14 நாள்களில் பொரியும். காக முட்டைக்கு 16 நாள்களாவது வேண்டும். முந்திப் பொரிந்த குயில் குஞ்சுக்கே முதல் இரை.

முன்பு வலசை வந்துபோன குயில், காகங்கள் பெருகிய பிறகு இங்கேயே இனப்பெருக்கம் செய்கிறது. காகத்தின் கூட்டைக் கலைத்தால் குயிலின் தொட்டிலும் கலையலாம்.

காகங்கள் ஒரு பறவையைத் துரத்தினால் உற்றுப் பாருங்கள். சிவந்த கண் தெரிந்தால் அது குயிலாக இருக்கலாம்!