முட்டையைத் தேடிப் போகும் குளவி: கரும்பில் அட்டை கட்டும் முறை

கரும்பில் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டும் விவசாயிகளில் சிலர், "கட்டியும் பலன் இல்லை" என்று குறைபடுவதுண்டு. அட்டை நல்லதாக இருந்தாலும், கட்டும் விதம் சரியில்லாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

அட்டையிலிருந்து வெளிவரும் குளவி அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். கரும்புத் தோகையில் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டையை அது தேடிப் பிடிக்க வேண்டும். எப்படித் தேடுகிறது? மணத்தை வைத்துத்தான். அந்துப்பூச்சி முட்டையிடும்போது அதன் சிறகுச் செதில்கள் இலையில் உதிர்கின்றன. செதிலின் மணம் பட்டதும் குளவி வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் துழாவுகிறது. மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் அந்துப்பூச்சிச் செதிலிலிருந்து, இவ்வாறு தேடத் தூண்டும் பொருளை 1970-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தனர்.

முட்டை கிடைத்ததும் அதன் மேல் ஏறி நடந்து, உணர்கொம்பால் தட்டி அளவு பார்க்கிறது. பெரிய முட்டையானால் கூடுதலாகவும், சிறியதானால் குறைவாகவும் தன் முட்டைகளை உள்ளே வைக்கிறது. உலை வைக்கும் முன் ஆள் கணக்குப் பார்ப்பது போலத்தான்!

இத்தனை கெட்டிக்காரக் குளவிக்கு ஒரு குறை உண்டு. தூரம் போகாது, சில மீட்டருக்குள்தான் தேடும். ஆயுளும் சில நாட்களே. வரப்போரம் இரண்டு இடத்தில் மட்டும் கட்டினால் நடுத்தோட்டத்து முட்டைகள் தப்பிவிடும். புழு பொரிந்து கணுவுக்குள் துளைத்துச் சென்ற பிறகு இந்தக் குளவியால் ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே ஏக்கருக்கு 1 சி.சி. அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 10 மீட்டருக்கு ஒன்று வீதம் தோட்டம் முழுவதும் பரவலாகக் கட்டவும். ஏக்கருக்குச் சுமார் 40 துண்டுகள் ஆகும். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் துண்டைக் குறைத்தால் அட்டைக்குக் கொடுத்த பணம் வீண். பயிரின் 4-வது மாதம் தொடங்கி, 15 நாட்களுக்கு ஒரு முறை 6 தவணை கட்ட வேண்டும்.

வெயிலும் மழையும் படாதவாறு தோகையின் அடிப்புறத்தில், காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது. எறும்பு மொய்க்கும் இடம் ஆகாது. அந்த நாட்களில் பூச்சி மருந்து தெளித்தால் குளவிதான் முதலில் சாகும்.

அட்டை வாங்கும்போதே குளவி வெளிவரும் நாளைக் கேட்டுக்கொள்ளவும். வீட்டில் வைத்திருந்து, குளவி பறந்த பின் வெறும் அட்டையைக் கட்டுவோரும் இருக்கிறார்கள். 6 தவணைக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் தவணை தவறாது.