கொட்டேஷன் தாளுக்குள் எத்தனை விலைகள்

சோழபுரம், முகவூர், தளவாய்புரம், சேத்தூர் என இராஜபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கார் வாங்க முடிவெடுக்கும் குடும்பம் ஷோரூமில் முதலில் கேட்பது ‘ஆன் ரோடு எவ்வளவு வரும்?’ என்பதைத்தான். விற்பனைப் பிரதிநிதி சொல்லும் அந்த ஒற்றை எண்ணுக்குள் மத்திய அரசு, மாநில அரசு, காப்பீட்டு நிறுவனம், கடன் தரும் வங்கி, உற்பத்தியாளர், விற்பனையாளர் ஆகியோருக்குப் போய்ச் சேரும் தொகைகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் சட்டம் விதித்தவை எவை, பேசிக் குறைக்கக்கூடியவை எவை என்பது அந்த எண்ணைக் கேட்டவுடன் விளங்குவதில்லை. விற்பனையாளருக்கு இதனால் கிடைக்கும் வசதி பெரிது. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததை வாங்குபவர் கவனிக்காத இன்னோரிடத்தில் அவர் ஈடுகட்டிக்கொள்ள முடியும்.

எடுத்துக்காட்டாக, நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் எஞ்சினும் கொண்ட ஒரு பெட்ரோல் காரின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது பதிவுச் செலவும் காப்பீடும் சேராத விலை, 8,00,000 ரூபாய் என்று கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடு. ஆகவே இந்த 8 இலட்சத்துக்குள்ளேயே ஏறத்தாழ 1,22,000 ரூபாய் வரியாக இருக்கிறது. இதற்கு மேல் தமிழ்நாடு அரசுக்கு ஒரே தவணையில் செலுத்த வேண்டிய ஆயுட்கால வரி வருகிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 5 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 விழுக்காடும், 5 முதல் 10 இலட்சம் வரை 13 விழுக்காடும், 10 முதல் 20 இலட்சம் வரை 15 விழுக்காடும், அதற்கு மேல் 20 விழுக்காடும் விதிக்கப்படுவதால், இந்தக் காருக்கு அது 1,04,000 ரூபாய் ஆகும். இரண்டையும் கூட்டினால் 2,26,000 ரூபாய். இதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க எந்த விற்பனையாளராலும் இயலாது.

வரி விகிதம் படிப்படியாகப் பிரித்துக் கணக்கிடப்படாமல் முழு விலைக்கும் பொருந்துவதால் 10 இலட்ச எல்லையில் விலை திடீரென ஏறுகிறது. 9,99,000 ரூபாய்க் காருக்கு வரி 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய்க் காருக்கு 1,50,150 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் வேறுபாட்டுக்காக வரியில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. போதாக்குறைக்கு, 10 இலட்சத்தைத் தாண்டிய காருக்கு ஒரு விழுக்காடு வருமான வரியை விற்பனையாளரே பிடித்துக் கட்டிவிடுவார். இத்தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லித் தருவது ஷோரூமின் கடமை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யாத விவசாயக் குடும்பங்களில் பலவும் இதைச் செலவென்றே எண்ணி விட்டுவிடக்கூடும்.

அடுத்தது காப்பீடு. சாலைப் பாதுகாப்பு தொடர்பாகக் கோயம்புத்தூர் மருத்துவர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவாக, 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, கட்டாயமாகிவிட்டது. 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு மூன்றாண்டுப் பிரீமியம் 10,640 ரூபாய் என 2022இல் அரசு நிர்ணயித்ததால் இத்தொகையில் பேரத்துக்கு இடமில்லை. சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியமோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது. அதில் விற்பனையாளருக்கு ஒரு பங்கு கிடைப்பதால், ‘எங்களிடமே போடுங்கள்’ என்ற வற்புறுத்தல் இந்த இடத்தில்தான் எழுகிறது. எந்த நிறுவனத்தில் காப்பீடு எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. அதேபோல், பழைய காரில் இழப்பீடு கோராமலே ஐந்தாண்டு ஓட்டியவருக்குச் சேரும் 50 விழுக்காட்டுச் சலுகையும் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு வருவது. எக்ஸ்சேஞ்சில் காரைக் கொடுத்துவிட்டு இந்தச் சலுகைக்கான கடிதத்தைப் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்காமல் விடுபவர் பல ஆயிரம் ரூபாயை இழக்கிறார்.

இவை போக விற்பனையாளரின் சொந்த இலாபமாக எஞ்சுவது எக்ஸ் ஷோரூம் விலையில் சில விழுக்காடு மட்டுமே. தள்ளுபடி அதற்குள்ளிருந்தும் உற்பத்தியாளர் அறிவிக்கும் சலுகைத் தொகையிலிருந்தும்தான் வர வேண்டும். அந்தச் சிறு பரப்பிலும் விற்பனையாளர்கள் எப்போதும் சுதந்திரமாக இருந்ததில்லை என்பதற்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்ட் 23 அன்று மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையே சான்று. நிறுவனம் அனுமதித்த அளவுக்கு மேல் விற்பனையாளர்கள் தள்ளுபடியோ இலவசப் பொருளோ தரக் கூடாது என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்ததென்றும், வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பிக் கூடுதல் தள்ளுபடி தரப்படுகிறதா என்று ஒலி, ஒளிப்பதிவோடு கண்காணித்ததென்றும், பிடிபட்ட விற்பனையாளர் மீது மட்டுமன்றி விற்பனை ஊழியர் மீதும் தண்டத்தொகை சுமத்தப்பட்டதென்றும் ஆணையம் கண்டது. இந்த ஆணையை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ‘இதற்கு மேல் எங்கள் கையில் இல்லை, சார்’ என்று ஊழியர் சொல்வது எல்லா நேரங்களிலும் வியாபார உத்தி அல்ல என்பதையும், வெவ்வேறு ஷோரூம்களில் விசாரித்தும் ஒரே விலை வருவது எப்போதும் தற்செயல் அல்ல என்பதையும் அந்த ஆணை வெளிக்கொணர்ந்தது. போட்டியின் பயன் வாங்குபவரைச் சேராமல் தடுப்பது பெரிய அநீதி. மதுரை வரை போய் விலை ஒப்பிடும் வசதியில்லாத சிற்றூர்க்காரரைத்தான் அது அதிகம் வாட்டும்.

தள்ளுபடியின் அளவை உண்மையில் தீர்மானிப்பது இருப்பு. விற்பனையாளர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வண்டிகளை எடுத்து நிறுத்துகிறார். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்று வைத்தால் 8 இலட்ச ரூபாய்க் கார் நிற்கும் ஒவ்வொரு மாதமும் 6,000 ரூபாயைத் தின்கிறது. 2024 செப்டம்பரில் நாடு முழுவதும் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிக் கிடப்பதாக வாகன விற்பனையாளர் கூட்டமைப்பு அறிவித்தபோது சலுகைகள் பெருகியதன் காரணம் இதுவே. டிசம்பர் பிற்பாதியில் இந்த நெருக்கடி உச்சத்தை எட்டுகிறது. ஆண்டு மாறினால் அந்த வண்டி ‘போன வருஷ மாடல்’ ஆகிவிடும் என்பதால் விற்பனையாளர் அவசரப்படுகிறார். தமிழ்நாட்டிலோ அது மார்கழி. ஆண்டாள் சந்நிதியில் புது வண்டிக்குப் பூசை போட விரும்பும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பம் தை பிறக்கட்டும் என்று காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவழியாகச் சலுகை விலையில் இப்போதே பதிவுசெய்து தையில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு முன்வைக்கப்படுகிறது. பதிவுச் சான்றான ஆர்சியில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பதால், பின்னாளில் வண்டியை விற்கும்போது பழைய கார் வியாபாரி தயாரிப்பு ஆண்டையே கணக்கில் எடுப்பார். டிசம்பர்ச் சலுகை அந்த ஓராண்டு மதிப்பிழப்பை ஈடுசெய்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழைய காரின் விலை, அது வாங்கப்பட்ட விலையை அல்லாமல் இன்றைய புதுக் காரின் விலையைச் சார்ந்தே நிற்கிறது. மேலே கண்ட 8 இலட்ச ரூபாய்க் கார் முன்பிருந்த 29 விழுக்காட்டு வரியில் ஏறத்தாழ 8,74,500 ரூபாய்க்கு விற்றிருக்கும். வரி குறைந்த மறுநாள், முந்தைய மாதம் வாங்கியவரின் வண்டியும் விலை இறங்கிவிட்டது. இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. 1959இல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்ப் புதுக் காருக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தபோது, ஓடிய ஃபியட் புதியதைவிடக் கூடுதலாக விலைபோனது.

இன்று பழைய கார் வியாபாரி விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுகிறார். 5,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று மதிக்கும் காரை அவர் 4,30,000 ரூபாய்க்கு எடுத்தால் இடைவெளி 70,000 ரூபாய். 2025 ஜனவரி முதல் இந்த இடைவெளியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 12,600 ரூபாய். டிங்கரிங், பெயின்டிங், டயர்ச் செலவை இதில் கழிக்க இடமில்லை. அச்செலவு 25,000 என்றும், மூன்று மாதம் நிற்பதற்கான மாதம் ஒரு விழுக்காட்டு வட்டி 12,900 என்றும் கொண்டால் மிஞ்சுவது 19,500 ரூபாய். தனிநபர் தனிநபருக்கு விற்கும்போது இந்த ஜிஎஸ்டி கிடையாது என்பதால் புரோக்கர் வழியாக நேரடியாகக் கைமாறும் வண்டி சற்று மலிவாகவே இருக்கும்.

ஆனால் மலிவுக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரத் துணிவதில்லை, நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் விலகிக்கொள்கிறார், சந்தையில் குறையுள்ளவை மிகுகின்றன என்று 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி’ என்ற சொல்லுக்கு இப்பகுதியில் இருக்கும் விலை இந்த ஐயத்தின் மறுபக்கமே. டி.என். 84 என்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பதிவெண்ணுள்ள வண்டியென்றால் அதை ஓட்டியவரையும், அதைப் பார்த்த மெக்கானிக்கையும் விசாரிக்க வழியுண்டு. செங்கோட்டை வழியே வரும் கேரளப் பதிவு வண்டிக்கு அந்த விசாரணையும் கிடையாது. தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வரி ஆகிய செலவுகளும் உண்டு. ஆகவேதான் அதன் கேட்பு விலை குறைவு.

வியாபாரியிடம் விடப்பட்ட கார், ஆர்சியில் பெயர் மாறாமலே மூன்று நான்கு கை மாறுவது நெடுங்கால வழக்கம். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விற்று மறந்துபோன வண்டிக்காக ஒரு குடும்பம் நீதிமன்றம் ஏறும் இந்த நிலையைத் தடுக்கவே, 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று வழங்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகப் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவித்தால், அன்றுமுதல் அதன் பொறுப்பு வியாபாரியுடையது. இப்படிச் செய்யும் வியாபாரி, வெறும் கையெழுத்திட்ட படிவங்களை வாங்கி வைத்துக்கொள்பவரைவிடச் சில ஆயிரம் ரூபாய் குறைத்தே காரை எடுக்கக்கூடும். விற்பவர் அந்த வேறுபாட்டைக் கணக்கிடும்போது, தன் பெயரில் ஊர் தெரியாத சாலைகளில் ஓடும் வண்டியின் பொறுப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.