உடலுறவுக்குப் பின் நீர்க்கடுப்பு

உடலுறவுக்குப் பின் நீர்க்கடுப்பு என்பது, உடலுறவு கொண்ட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கடுப்பு அல்லது வலி தோன்றுவதைக் குறிக்கும். இது தனி நோய் அன்று. ஓர் அறிகுறியே ஆகும். சிறுநீர்ப்பை அழற்சி, பால்வினை நோய்த்தொற்று, உராய்வால் ஏற்படும் சிறு புண் ஆகிய மூன்றும் ஒரே வகையான எரிச்சலைத் தரக்கூடும். எனவே எரிச்சலை மட்டும் கொண்டு காரணத்தைத் தீர்மானிக்க இயலாது.

தமிழ்நாட்டில் நீர்க்கடுப்பை உடற்சூட்டின் விளைவு எனக் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. இளநீர், மோர் அருந்துதல், கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுதல் ஆகியவை வீட்டு வைத்தியங்களாகக் கைக்கொள்ளப்படுகின்றன. நீர் மிகுதியாக அருந்தும்போது சிறுநீரின் அடர்த்தி குறைவதால் எரிச்சல் தணியலாம். ஆயினும், பால்வினை நோய்க் கிருமிகள் இதனால் அழிவதில்லை.

காரணங்கள்

சிறுநீர்ப்பாதைத் தொற்று: பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உடையது. உடலுறவின்போது குதப்பகுதியில் இயல்பாக வாழும் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் இதனூடாகச் சிறுநீர்ப்பையை எளிதில் அடைகின்றன. அடிக்கடி சிறுநீர் வருவது போன்ற உணர்வு, அடிவயிற்று வலி, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர் ஆகியன உடன் தோன்றும். புதிதாக மணமான பெண்களிடம் காணப்படுவதால் இது 'தேனிலவுச் சிறுநீர்ப்பை அழற்சி' என்றும் அழைக்கப்பட்டது. இது பால்வினை நோய் அன்று. கணவன் மனைவி இருவரின் நடத்தை பற்றியும் எதையும் உணர்த்துவதில்லை.

பால்வினை நோய்கள்: வெட்டை நோய் (கொனோரியா) ஆண்களில் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் சீழ் வடிதலுடன் வெளிப்படுகிறது. கிளமிடியா வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். பெண்கள் பலரிடம் இவ்விரண்டும் அறிகுறியே காட்டுவதில்லை. பிறப்புறுப்பு ஹெர்பிசில் சிறுநீர் புண்ணின் மீது படும்போது எரிச்சல் உண்டாகிறது. டிரைக்கோமோனாஸ் தொற்றும் ஒரு காரணமாகும்.

தொற்று அல்லாதவை: யோனி வறட்சி (குறிப்பாக மாதவிடாய் நின்ற பின்), உராய்வு, வாசனைச் சோப்பு, விந்துக்கொல்லி மருந்து, ஆணுறையின் ரப்பருக்கு ஒவ்வாமை.

இளம் ஆண்களில் சிறுநீர்ப்பாதைத் தொற்று அரிது. ஆகவே அவர்களுக்கு உடலுறவுக்குப் பின் தோன்றும் நீர்க்கடுப்பில் பால்வினை நோய்ச் சோதனை இன்றியமையாதது.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

பின்வருவன இருப்பின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:
- குளிர் காய்ச்சல், விலாவின் பின்புற வலி, வாந்தி (தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம்)
- கருவுற்றிருத்தல்
- விதைப்பையில் வலி அல்லது வீக்கம்
- பெண்களுக்குக் காய்ச்சலுடன் கூடிய அடிவயிற்று வலி
- சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீரில் இரத்தம்

சீழ் அல்லது வழமைக்கு மாறான வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண், புதிய இணையருடன் ஆணுறையின்றி உறவு, இணையருக்கு அறிகுறி ஆகியவை இருந்தால் பால்வினை நோய்ச் சோதனை தேவை. இவை எதுவும் இல்லாவிடினும், எரிச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோ சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். வன்புணர்வுக்கு உள்ளானவர்களுக்கும் இது பொருந்தும்.

சோதனையும் சிகிச்சையும்

நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரையை உட்கொள்ளும் முன்னரே சிறுநீர் மாதிரி தருவது முக்கியம். மருந்துக் கடையில் வாங்கிய ஓரிரு மாத்திரைகள்கூடக் கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவை மாற்றிவிடும். சிறுநீரில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் வளர்ப்புச் சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை எனில், கிளமிடியா அல்லது சிறுநீர்ப்பாதைக் காசநோய் இருக்கலாம். சாதாரண வளர்ப்புச் சோதனையில் இவ்விரண்டும் தென்படுவதில்லை.

சிறுநீர்ப்பை அழற்சிக்குத் தரும் நைட்ரோபுரான்டாயின் வெட்டை நோயையோ கிளமிடியாவையோ குணப்படுத்தாது. பால்வினை நோய் உறுதியானால் இணையரும் சிகிச்சை பெற வேண்டும். இல்லையேல் தொற்று இருவருக்கிடையே மாறி மாறித் திரும்பும். சிகிச்சை முடியும் வரை, குறைந்தது ஏழு நாட்கள், உறவைத் தவிர்த்தல் வேண்டும். சிகிச்சை பெறாத வெட்டை நோயும் கிளமிடியாவும் பெண்களின் கருக்குழாய்களைப் பாதித்துக் குழந்தையின்மைக்கு வழிவகுக்கலாம்.

தமிழ்நாட்டில் மருத்துவ வசதி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986 ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 இல் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான பிரிவு 'சுகவாழ்வு மையம்' என்றும், எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனைப் பிரிவு 'நம்பிக்கை மையம்' என்றும் வழங்கப்படுகின்றன. சேவை இலவசம், விவரங்கள் மறைவாக வைக்கப்படுகின்றன. 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய கோயில் நகரமான திருத்தணியில் இவ்வறிகுறி தோன்றுவோர் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். மேல்சிகிச்சைக்குத் திருவள்ளூரில் 2022 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. முருகன் கோயிலில் மணமுடிக்கவும் வழிபடவும் வருவோர், பயணத்திலும் ஆடிக் கிருத்திகை போன்ற கூட்ட நாட்களிலும் நீர் குறைவாக அருந்திச் சிறுநீரை அடக்கி வைக்க நேரிடலாம். இதுவும் தொற்றுக்குத் துணைபுரியும். சிறு நகரத்தில் அறிந்தவர் கண்ணில் படுவோமோ எனத் தயங்குவோர், தொடருந்து வழியே அரக்கோணம், திருவள்ளூர் அல்லது சென்னை அரசு மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். வேறு ஊரில் காட்டிக்கொள்வதால் கேடில்லை. காட்டாமல் நாட்களைக் கடத்துவதே தீங்கு விளைவிக்கும்.

தடுப்பு

உடலுறவுக்குப் பின் விரைவில் சிறுநீர் கழித்தல், போதிய நீர் அருந்துதல், சிறுநீரை அடக்காதிருத்தல், யோனியின் உட்புறத்தைச் சோப்பு முதலியவற்றால் கழுவாதிருத்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. பால்வினை நோய்களைத் தடுப்பதில் இவை பயன்படா. அதற்கு ஆணுறையே ஏற்றது.