இரண்டு வரிகளில் ஒரு செயற்கைக்கோள்

செயற்கைக்கோள்களின் இருப்பிடத்தைக் கணிக்கப் பயன்படும் கோப்புகளில் மிகப் பரவலானது, 69 எழுத்திடங்கள் கொண்ட இரண்டே வரிகளில் ஒரு கோளின் பாதையை அடக்கிவிடும் டிஎல்இ என்னும் வடிவமாகும். அமெரிக்க ராணுவத்தின் கண்காணிப்பு வலையமைப்பு ரேடார்களாலும் தொலைநோக்கிகளாலும் திரட்டும் அவதானிப்புகளிலிருந்து உருவாகும் இவ்வரிகளை, டி. எஸ். கெல்சோ நடத்திவரும் செலஸ்ட்ராக் போன்ற தளங்களில் எவரும் இலவசமாகப் பெறலாம். துளை அட்டைகளின் காலத்தில், இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கோடு வகுக்கப்பட்ட வடிவம் என்பதால், சில எண்களில் தசமப் புள்ளிகூட எழுதப்படுவதில்லை.

இத்தகைய கோப்பை அறிய முயல்வோர் முழு நிரலொன்றை எழுதி இயக்குவதைவிட, பைத்தான் மொழியின் உரையாடல் முறையைக் கையாள்வதே நல்லது; டெர்மினலில் தட்டிய ஒவ்வொரு கட்டளைக்கும் விடை அடுத்த வரியிலேயே வந்துவிடுவதால், அதைப் பார்த்தபின் அடுத்த கேள்வியைத் தீர்மானித்துக்கொள்ளலாம். 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்டு, இன்றும் பூமியைச் சுற்றிவரும் கோள்களில் மிகப் பழையதான வான்கார்டு-1 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கணிப்பு நிரல்களைச் சோதிப்பதற்கென நெடுநாளாகப் புழங்கும் அதன் 2000ஆம் ஆண்டுப் பதிவின் இரண்டாம் வரி இது:

2 00005  34.2682 348.7242 1859667 331.7664  19.3264 10.82419157413667

இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும்படி கட்டளையிட்டால், பத்துப் புலங்கள் இருக்கவேண்டிய வரி எட்டுத் துண்டுகளாகவே திரும்பிவரும். ஒரு நாளில் கோள் சுற்றும் தடவையைக் குறிக்கும் 10.82419157, சுற்று எண்ணுக்கென ஒதுக்கிய புலத்திலுள்ள 41366, இறுதியிலுள்ள சரிபார்ப்பு இலக்கமான 7 ஆகிய மூன்றும் இடைவெளியின்றி ஒட்டிக்கிடப்பதே காரணம். ஆகவே இவ்வடிவத்தை இடைவெளியால் அல்லாமல் எழுத்திடங்களை எண்ணித்தான் பிரிக்கவேண்டும். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுவதால், 27 முதல் 33 வரையுள்ள இடங்களைப் பெற 26, 33 என்று கொடுக்கவேண்டியிருக்கிறது. அங்கே கிடைக்கும் 1859667 என்பது, பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் காட்டும் மையப்பிறழ்வு. முன்னால் தசமப் புள்ளி இருப்பதாகக் கொண்டு அதை 0.1859667 என்று வாசிக்கவேண்டும். வரியின் முதல் 68 இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்டினால் 217 வருகிறது. அதன் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் ஒன்றாக இருப்பதால், படியெடுக்கையில் பிழை நேரவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

ஒரு நாளின் 1440 நிமிடங்களை 10.824 ஆல் வகுத்தால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 133 நிமிடங்கள் ஆவது தெரியும்; அதனோடு மையப்பிறழ்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், பூமிக்கு மிக அருகே சுமார் 650 கிலோமீட்டர் உயரத்திலும், மிகத் தொலைவில் சுமார் 3860 கிலோமீட்டர் உயரத்திலும் அக்கோள் செல்வது புலனாகும். இங்கே காட்டாத முதல் வரியிலுள்ள 00179.78495062 என்பது இவ்வெண்கள் எக்கணத்துக்குரியவை என்பதைச் சொல்கிறது: 2000ஆம் ஆண்டின் 179ஆம் நாள், அதாவது ஜூன் 27, உலகப் பொது நேரப்படி 18 மணி 50 நிமிடம். ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருப்பதால், 57 முதல் 99 வரையுள்ளவை கடந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது வழக்கம். முதல் ஸ்புட்னிக் பறந்தது 1957 இல் என்பதால் இப்போதைக்குக் குழப்பமில்லை, 2057 இல் என்ன செய்வார்கள் என்பது வேறு கதை.

இதுவரை கண்டவை தோராயக் கணக்குகள் மட்டுமே. துல்லியமான இருப்பிடம் வேண்டுமானால், பாடநூல்களிலுள்ள கெப்ளர் சூத்திரத்தில் இவ்வெண்களை இடுவது தவறு. ஏனெனில் இவை நேரடி அளவீடுகள் அல்ல, 1980இல் வெளியிடப்பட்ட எஸ்ஜிபி4 என்னும் கணிப்புமுறைக்குப் பொருந்துமாறு குறுங்கால ஏற்ற இறக்கங்களை நீக்கிப் பெற்ற சராசரிகள். அதே முறையைக் கொண்ட பைத்தான் நூலகத்தை அழைத்து, மேற்கண்ட கணத்துக்குரிய இருப்பிடத்தைக் கேட்டால், பூமியின் மையத்திலிருந்து அளந்த 7022.465, -1400.083, 0.040 என்ற மூன்று கிலோமீட்டர் அளவுகள் கிடைக்கின்றன. நிலநடுக்கோட்டின் தளத்திலிருந்து கோள் விலகியிருக்கும் தொலைவைச் சொல்லும் மூன்றாம் எண் வெறும் 40 மீட்டர். அத்திசையில் வேகம் நொடிக்கு 4.53 கிலோமீட்டர் என நேர்குறியோடு வருவதால், கோள் அப்போது வடக்கு நோக்கி நிலநடுக்கோட்டைக் கடந்துகொண்டிருந்தது தெளிவாகிறது. பதிவுக்குரிய கணம் அந்தக் கடப்பை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கோப்பு எங்கும் சொல்வதில்லை, கேட்டவர்க்கே அது தெரியவருகிறது.

எஸ்ஜிபி4 தரும் விடையில் மூன்று தசம இடங்கள் இருப்பதாலேயே அதை மீட்டர் அளவுக்கு நம்பிவிடக் கூடாது. தாழ்ந்த பாதைகளில் தொடக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் அளவில் பிழை இருக்கக்கூடும்; நாளுக்கு நாள் அது வளரும். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம்-33, காஸ்மோஸ்-2251 ஆகிய கோள்கள் ஒன்றையொன்று 584 மீட்டர் தொலைவில் கடக்கும் என்றே இவ்வரிகளைக் கொண்டு கணிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அவை மோதிச் சிதறின.

ஐந்து இலக்கப் பட்டியல் எண் 99999 இல் முட்டிவிடும் என்பதால், புலங்களுக்குப் பெயரிட்டு எழுதும் புதிய வடிவங்களிலும் இத்தரவுகள் இப்போது வெளியிடப்படுகின்றன. அவற்றில் எழுத்திடங்களை எண்ணும் வேலை இல்லாமற்போகும். ஆனால் உள்ளே இருப்பவை அதே சராசரி எண்களே என்பதால், அவற்றையும் எஸ்ஜிபி4 இடம்தான் கொடுக்கவேண்டும்.