பேஜ்மேக்கரில் மாட்டிக்கொண்ட பஞ்சாங்கம்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழி முடியும்வரை அச்சகங்களுக்கு ஓய்வு கிடையாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று அந்தத் தொழிலிலிருந்து கிளைத்ததுதான் இந்த ஊரின் அச்சுத் தொழில். கல்லச்சு போய் ஆஃப்செட் வந்தது. நெகட்டிவ் போய், கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தகட்டுக்கு அனுப்பும் சிடிபி வந்தது. ஆனால் கோடிக்கணக்கில் போட்டு வாங்கிய இயந்திரம் ஓடும் அச்சகத்திலும், டிடிபி அறையின் மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்திருக்கக் கூடும். அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. அதில்தான் பக்கம் கோக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் இருக்கிறது.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. சிவகாசியில் பழைய ஃபைல் என்பது ஆவணக் காப்பகத்துச் சரக்கல்ல, நாளைக்கு வரப்போகும் வேலை. போன வருஷத்துத் தினசரிக் காலண்டரின் டெய்லி ஷீட்டை எடுத்துத் தேதியை மாற்று, போன தீபாவளி லேபிளில் எடையை மட்டும் திருத்து, மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து இளையவளுக்குப் பெயரைப் போடு என்றுதான் பார்ட்டிகள் வருவார்கள். ஃபைல் திறக்கவில்லை என்றால் வேலை முதலிலிருந்து தொடங்கும். காசும் நாளும் இரட்டிப்பாகும்.

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர்தான் மேசைமேல் அச்சுக்கோப்பு, அதாவது டிடிபி என்ற தொழிலையே உண்டாக்கியது. 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 1999இல் இன்டிசைன் என்ற புது மென்பொருளைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7.0தான் கடைசி; 2004இல் அதன் வளர்ச்சி வேலையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகியும் தமிழ்நாட்டு டிடிபி சென்டர்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

புது மென்பொருள் வாங்கினால் பழைய ஃபைல் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது ஃபைலின் கூடுதான். ஃபைலின் வடிவம், அதற்குள் தமிழ் எழுத்தை எண்ணாகப் பதித்த முறை, வரியையும் பத்தியையும் ஆளும் செட்டிங் என்று மூன்று சிக்கல்கள் இதில் ஒன்றுமேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவதுதான் மூன்றிலும் எளிது.

பேஜ்மேக்கர் 6.0இலிருந்து 7 வரையிலான ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் நேரடியாகத் திறக்கலாம். பக்க அமைப்பு, மாஸ்டர் பக்கம், ஸ்டைல் எல்லாம் ஓரளவு ஒழுங்காக வந்து சேரும். 2013இல் இன்டிசைன் சிசி வந்தபோது இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை, எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் ஒழுங்காகக் கோக்கும் வசதியோடு 2012இல் வந்ததும் இதே சிஎஸ்6தான். பழைய கரையையும் புதுக் கரையையும் ஒருசேரத் தொட்ட ஒரே பதிப்பு அது. அதன் உரிமம் கையில் இருப்பவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை விற்றுவிட வேண்டாம். அது இல்லாதவர்களுக்கு, காசில்லாமல் கிடைக்கும் லிப்ரேஆஃபிஸ் உண்டு. 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்க அழகு கொஞ்சம் குலையும், எழுத்து கைக்கு வரும்.

எழுத்து என்றா சொன்னேன்? உண்மையில் கைக்கு வருவது எண்கள்தான். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் எழுத்துப் பெட்டியான கேஸைப் பார்க்காமலே கையை விடுவார். எந்தக் குழியில் எந்த எழுத்து என்பது விரலுக்குத் தெரியும். இன்னொரு அச்சகத்துக்காரர் தன் பழக்கப்படி அடுக்கிய கேஸில் அதே வேகத்தில் கையை விட்டால் வருவதெல்லாம் குப்பையாக இருக்கும். பழைய கம்ப்யூட்டர் எழுத்துருவும் 256 குழிகள் உள்ள கேஸ்தான். ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் பாதி போனால் மிச்சம் 128. தமிழின் 247 எழுத்துகளும் கிரந்தமும் அதில் அடங்காது. அதனால் கொம்பு, கால், புள்ளி வைத்த மெய், கு கூ போன்ற முழு வடிவங்கள் என்று எழுத்தை உடைத்துக் குழிகளில் போட்டார்கள். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. ஸ்ரீலிபிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு வேறொரு வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டேம், டேப் என்ற இரு குறியீடுகளை அரசு தரப்படுத்தியது. அதனால் பழைய வரிசைகள் ஒழியவில்லை, கணக்கில் மேலும் இரண்டு கூடின.

உலகத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி குறியீட்டில் இன்னொரு கூத்து. அதில் 173ஆம் குழியில் ‘இ’ இருந்தது. பல மென்பொருள்களுக்கு 173 என்றால் வரி முறியும்போது மட்டும் தெரிய வேண்டிய மறைகோடு. அதனால் வரி நடுவில் ‘இ’ காணாமல் போயிற்று. அதற்காகவே 254ஆம் குழியில் இன்னொரு ‘இ’யையும் வைக்க வேண்டி வந்தது.

1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டையும் தரமாக அறிவித்தது. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் என்று உச்சரிக்கும் வரிசையில் பதிவாகும். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். மாற்றுக் கருவி, அதாவது கன்வர்ட்டர், குழி எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, எழுத்துகளை இடம் மாற்றியும் அடுக்க வேண்டும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கருவி போன்றவை இதைச் செய்துவிடும். வில்லங்கம் அதற்கப்புறம்தான்.

பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றிலும் ரகரத்தின் கீழே சாய்ந்த கோடு இருக்காது. பார்வைக்குக் காலின்மேல் புள்ளியோ விசிறியோ வைத்த மாதிரிதான் இருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைகள் டிடிபியிலும் அப்படியே காலைத் தட்டி மேலே புள்ளி வைத்தன. தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றியதும் ‘விருதுநகர்’ என்பது ‘விருதுநகா்’ ஆகிவிடும். சில எழுத்துருக்களில் ஒழுங்காகத் தெரியும், சிலவற்றில் நடுவே புள்ளி வட்டம் ஒன்று வந்து நிற்கும். எப்படித் தெரிந்தாலும் விருதுநகர் என்று தேடினால் கிடைக்காது. கொம்பு சேர்ந்தால் இன்னும் மோசம். ‘பெரிய’ என்ற சொல்லில் கொம்பு, ப, கால் என்று வருவதைப் பார்த்த கருவி அதைப் ‘பொ’ என்று எடுத்துக்கொண்டு ‘பொிய’ என்று தரும். ‘தெரியும்’ என்பது ‘தொியும்’ ஆகும், ‘சேர்த்து’ என்பது ‘சோ்த்து’ ஆகும். அரசு அலுவலகங்களின் பிடிஎஃப்களிலிருந்து நகல் எடுத்தவர்களுக்கு இந்தத் தமிழ் நன்றாகப் பழக்கம்.

நல்லவேளை, இதைக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். காலுக்குப் பின்னால் புள்ளி வரும் சொல் தமிழில் எங்குமே கிடையாது. முதலில் ‘ொ்’, ‘ொி’, ‘ொீ’ ஆகியவற்றை ‘ெர்’, ‘ெரி’, ‘ெரீ’ ஆக்கி, ‘ோ்’, ‘ோி’, ‘ோீ’ ஆகியவற்றை ‘ேர்’, ‘ேரி’, ‘ேரீ’ ஆக்கிவிட்டு, பிறகு ‘ா்’, ‘ாி’, ‘ாீ’ ஆகியவற்றை ர், ரி, ரீ ஆக்கினால் போதும். ஃபைண்ட், ரீப்ளேஸ் ஆல்.

அதே துணிச்சலை ஔகாரத்தில் காட்டினால் காலண்டர் நாசமாகிவிடும். டெய்லி ஷீட்டில் தினமும் ‘கௌரி நல்ல நேரம்’ உண்டு. கரணத்தில் கௌலவம் வரும், யோகத்தில் சௌபாக்கியம் வரும். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வால் துண்டும் ளகரமும் ஒரே குழி. மாற்றியதும் ‘கெளரி’, ‘கெளலவம்’ என்று வரும். சரி, ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ ஆக்கிவிடலாம் என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால், வருஷத்தின் அத்தனை வெள்ளிக்கிழமையும் ‘வௌ்ளி’ ஆகிவிடும். வெளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் அதோடு போகும். ளகரத்தின்மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று விதியைக் குறுக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அப்போதும் பேச்சுவழக்கில் ‘வெளக்கு’ என்று எழுதியிருந்தால் அது ‘வௌக்கு’ ஆகும். எந்த விதியும் முழுதாகக் காப்பாற்றாது. இந்த ஒரு இடத்தில் ப்ரூஃப் பார்ப்பவரின் கண்தான் கடைசிக் கருவி.

எழுத்து சரியாகிவிட்டது, இனி செட்டிங். இன்டிசைனில் எழுத்தையும் வரியையும் கோக்கும் சாதாரண கம்போசரில் யூனிகோடுத் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். ‘மென்பொருளே சரியில்லை’ என்று பழைய கம்ப்யூட்டருக்கே திரும்பிப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள். பாராகிராஃப் ஸ்டைலில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று வைத்தால் சரியாகிவிடும். எந்த ஃபைலும் திறக்காத நிலையில் இதைச் செய்து வைத்தால் இனி தொடங்கும் எல்லா ஃபைலுக்கும் அதுவே பொருந்தும். பழைய ஃபைலுக்கு அதன் ஸ்டைலில் தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து வரி. பேஜ்மேக்கர் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு போகும். இன்டிசைன் பத்தி முழுவதையும் பார்த்து, எங்கே முறித்தால் இடைவெளி சீராக இருக்கும் என்று கணக்குப் போடும். இந்தக் கணக்கின் அடிப்படை டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை. புத்தகத்துக்கு இது வரம். உள்ளங்கை அகல டெய்லி ஷீட்டில் ராசிபலன் ஒரு வரி கூடினால் கீழே இருக்கும் சந்திராஷ்டமம் கட்டத்தை விட்டு வெளியே போய்விடும். எழுத்துருவும் மாறியிருப்பதால் அகலங்களும் மாறியிருக்கும். பழைய தோற்றம் அப்படியே வேண்டும் என்றால் வேர்ல்டு-ரெடியிலேயே ஒற்றை வரி கம்போசரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டைப் 1 எழுத்துருக்களை நம்பியிருந்தவர்களுக்கு 2023 ஜனவரியில் இன்னொரு அடி விழுந்தது: அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

இதே நூத் உருவாக்கிய டெக் என்ற கோப்பு மென்பொருளின் கதை நேர் எதிர். 1990இல் இனி புது வசதி கிடையாது, பிழை திருத்தம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். பதிப்பு எண் பை என்ற எண்ணை நோக்கி ஒவ்வொரு இலக்கமாக நீளும். 2021இல் வந்தது 3.141592653. அக்காலத்து டெக் ஃபைல் இன்றும் அதே வரி முறிவோடு வரும். மென்பொருள் மாறாமல் இருப்பதும் மூல ஃபைல் வெறும் எழுத்தாக இருப்பதும்தான் அதற்குக் காரணம். சிவகாசி டெக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கொள்கையைக் கடன் வாங்கலாம்.

காலண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் ராகுகாலம் 7.30–9, செவ்வாய் 3–4.30 என்று ஏழு கிழமைக்கும் நேரம் நிலையானது. மாறுவது திதி, நட்சத்திரம், பண்டிகை போன்ற சில. இவற்றை எக்ஸெல்லில் ஒரு நாளுக்கு ஒரு வரி என்று யூனிகோடில் வைத்துக்கொண்டு, இன்டிசைனின் டேட்டா மெர்ஜ் மூலம் 365 தாள்களில் கொட்டினால், பழைய ஷீட்டைத் திறந்து தேதி திருத்தும் வேலையே இல்லை. அடுத்த மென்பொருள் மாறும்போது போகப்போவது வெறும் சட்டகம்தான். நாள், மாதம், ஆண்டைக் குறிக்கும் ௳, ௴, ௵ ஆகியவையும் 2003 முதல் யூனிகோடில் உண்டு. பஞ்சாங்கக்காரர்களுக்கு அந்தக் குறையும் இல்லை.

லேபிளில் கதை வேறு. அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துரு தொந்தரவு வரக்கூடாது என்று ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’ கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். அதற்குப் பிறகு அது எழுத்தல்ல, கோட்டோவியம். அந்த ஒரு நகலை மட்டும் சேமித்தவர்களிடம் மாற்றுவதற்கு எழுத்தே கிடையாது; படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆரில் விட்டு எடுக்க வேண்டும், அல்லது மறுபடி அடிக்க வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று பசுமைப் பட்டாசுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்த பிறகு, ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் முத்திரையும் கியூஆர் குறியும் பட்டாசுப் பெட்டிகளில் ஏறின. பழைய லேபிள்களைத் திறந்து திருத்த வேண்டி வந்தபோது கர்வ்ஸ் ஆகாத நகல் வைத்திருந்தவர்களுக்கு வேலை பாதிதான்.

எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி. பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஒன்று போட்டுவிடுங்கள். எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. ‘காமராஜர் மாவட்டம்’ என்று முகவரி போட்ட 1997க்கு முந்தைய லெட்டர்பேடு போன்றவை பிடிஎஃப்பாக இருந்தாலே போதும். எழுத்துரு ஃபைல்களையும், எந்த வேலைக்கு எந்த எழுத்துரு என்ற பட்டியலையும் தனியாக நகலெடுங்கள். சில எழுத்துரு மென்பொருள்கள் பின்னால் செருகும் ஹார்டுவேர் லாக் இல்லாமல் திறக்காது. அது எந்த மேஜை இழுப்பறையில் கிடக்கிறது என்று இன்றே தேடிவிடுங்கள். வருஷா வருஷம் திரும்பி வரும் வேலைகளை மட்டும் யூனிகோடுக்குக் கொண்டுபோங்கள். அதையும் சீசனில் தொடங்க வேண்டாம். காலண்டர் வேலை ஓய்ந்த மாசி, பங்குனியில் உட்கார்ந்தால் அடுத்த ஆடிக்குள் முடித்துவிடலாம்.